அந்தோணியம்மாளும் நாற்பத்தொன்றாவது பதினாறும்

அந்தோணியம்மாள் இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானே வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் எங்களுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அன்று வகுப்புக்கு நேரம் இருந்ததால் கீழே தேநீர்க் கடையில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பத்திரிகையைப் பிரித்தேன். கட்டம் போட்ட ஓர் அறிவிப்பை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். ஒரு கட்டத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல் வாசித்து முடித்தது அதுவே முதல் தடவை. முடித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். படத்தில் இருந்தது முப்பது வயதுப் பெண். பழைய படம், எனக்கு அடையாளம் தெரியவில்லை; அந்தோணியம்மாள் என்ற பெயரும் பலருக்கு உண்டு. பூன் லே என்ற ஊரும் ரீட்டா என்ற மகளின் பெயரும் வந்த வரிகளை இரண்டாம் முறை வாசித்தபோதுதான் அது யார் என்று புரிந்தது.

எனக்கு வயது அறுபத்து நான்கு. எழுத்து தெரிந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ரீட்டா கேட்ட இந்தப் பக்கங்களை எழுத மூன்று வாரம் பிடித்தது. எந்தச் செய்தியை எழுதினாலும் எழுத்து சரியாக வந்துவிட்டால் மனம் பூரித்துப் போகிறது. இதை எழுதும்போதும் அப்படித்தான் ஆகிறது. இந்த நேரத்தில் அது முறையில்லை என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பலர் அவரைக் கோயிலில் அறிந்தவர்கள். பீடத் துணிகளுக்குப் பூ வேலை செய்தவராக, பாட்டுக் குழுவில் பின் வரிசையில் நின்றவராக அவரை நினைவு வைத்திருப்பீர்கள். நான் அவரை ஜூரோங்கில் ஒரு நெசவுக்கூடத்தில் அறிந்தேன். எழுபதுகளில், சிங்கப்பூரில் நூற்பாலைகள் இருந்த காலத்தில், நான் ஒன்றில் அறுந்த நூலை முடியும் வேலை பார்த்தேன். அந்த ஆலையை மூடிய பிறகு, தொழிற்கூடக் கட்டடம் ஒன்றின் நான்காம் மாடியில் இருந்த இந்த இடத்தில் சேர்ந்தேன். ஓட்டல்களுக்குச் சுவரில் தொங்கவிடும் துணியும் மெத்தை உறையும் கைத்தறியில் நெய்து கொடுத்தார்கள். சேரும்போது, வாசிக்கத் தெரியுமா என்று மேற்பார்வையாளர் மிஸ் சியா கேட்டார். தெரியும் என்றேன்.

அது பொய் என்று முதலில் கண்டுபிடித்தவர் அந்தோணியம்மாள். ஒரு நாள் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் வாசித்துவிட்டு அடியில் ஒப்பமிட்டார்கள். நானும் ஒரு கோடு கிறுக்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. மின்சார வேலை நடப்பதால் இரண்டு மணிக்கு வந்தால் போதும் என்பதுதான் அந்த அறிவிப்பு. எனக்கு அது தெரியாது, படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணிக்கு அந்தோணியம்மாள் குடையோடு மேலே வந்தார்.

"என்ன அண்ணே, முன்னாடியே வந்துட்டீங்களா?"

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்."

"பத்தாவது மாடியில வீட்டை வச்சுக்கிட்டு, காத்து வாங்க ஜூரோங் ஃபேக்டரிக்கு வந்தீங்களா? சாப்பிட்டீங்களா இல்லியா?"

இல்லை என்றேன். தம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியை மூடியில் வைத்துக் கொடுத்தார். நான் சாப்பிட்டு முடித்த பிறகு, "இனிமே ஏதாச்சும் ஒட்டினா, நான் வந்து சத்தமா அதைப் பத்திப் புலம்புவேன். நீங்க காதை மட்டும் திறந்து வைங்க," என்றார். அதற்குப் பிறகு எந்த அறிவிப்பும் எனக்குத் தெரியாமல் போனதில்லை. "பாரு, நாளைக்கு டூட்டி மாத்திட்டாங்க, இவங்களுக்கு வேற வேலையே இல்ல," என்று கதவருகே நின்று அவர் திட்டுவார். மற்றவர்கள் அவரை வாயாடி என்று நினைத்தார்கள்.

கம்ப்யூட்டர் வைத்த தறி எண்பதுகளின் நடுவில் வந்தது. பெரிய மரத் தறிதான். பக்கத்தில் ஒரு மேசையில் பச்சை எழுத்து மின்னும் பெட்டி. அந்தத் தறியில் பதினாறு சட்டங்கள். மிதியை மிதித்தால், எந்தெந்தச் சட்டம் எழும்ப வேண்டும் என்று பெட்டி சொல்லும், அவை எழும்பும். குறுக்கு நூல் வைத்த நாடாவை எறிவதும், அந்த நூலை நெருக்கி அடிப்பதும் நம் கைதான். பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலை, மாற்றாமலே பெட்டியில் இரண்டு விசையைத் தட்டி வேறு பூவேலைக்குப் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. இனி தவறே வராது என்று விற்க வந்தவர் சொன்னார். அந்தோணியம்மாள் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: "இந்தப் பொட்டி பஸ் டிரைவர் மாதிரி அண்ணே. எந்த ஸ்டாப்புல நிக்கணும்னு அதுக்குத் தெரியும். உள்ள யார் உக்கார்ந்திருக்கான்னு தெரியாது."

அதை எனக்குப் புரிந்த அளவில் விளக்குகிறேன். ஒவ்வொரு சட்டத்திலும் மெல்லிய கம்பிகள் தொங்கும். கம்பியின் நடுவே ஊசியின் காதுபோல ஒரு கண் இருக்கும். பாவின் ஒவ்வோர் இழையையும் ஒரு கொக்கியால் இழுத்து, அதற்கு உரிய சட்டத்தின் கண்ணில் கோக்க வேண்டும். மூன்றாம் சட்டத்துக்குப் போக வேண்டிய இழை ஐந்தாம் சட்டத்தில் ஏறிவிட்டால், பெட்டிக்கு அது தெரியாது. தனக்குச் சொன்னபடி ஐந்தைத் தூக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தத் தறியின் சரியும் தவறும் கோப்பவர் கையில்தான் இருந்தது.

அந்த வேலை எங்கள் இருவருக்கும் வந்தது. ஒருவர் தறிக்குப் பின்னால் நின்று, நீளத் தாளைப் பார்த்து எண்ணை வாசித்து இழையை எடுத்துக் கொடுப்பார். மற்றவர் முன்னால் உட்கார்ந்து கொக்கியால் இழுப்பார். பதினாறு இழை முடிந்ததும் ஒரு முடிச்சுப் போட்டு, தாளைக் கடைசியிலிருந்து முன்னோக்கி வாசித்துச் சரிபார்ப்போம். "பதினாறுக்கு நடுவுல பேச்சு கிடையாது. வீடே பத்தி எரிஞ்சாலும் பதினாறு முடிஞ்ச பிறகு சொல்லுங்க," என்பது அவருடைய சட்டம். எனக்கு எண்கள் தெரியும். பேருந்து எண்ணைப் பார்த்து ஏறியவன்தானே. ஆனால் நெருக்கி அச்சடித்த வரிசையில் என் கண் வழி தவறிவிடும். ஆகவே பெரும்பாலும் அவர் வாசித்தார், நான் கோத்தேன்.

தறியின் பக்கவாட்டில் ஓர் அட்டை தொங்கும். ஒவ்வொரு பதினாறுக்கும் அதில் ஒரு கோடு. கொக்கி பிடித்தவர் அந்தக் கோட்டில் தம் பெயரை எழுத வேண்டும். முதல் நாளே நான் அட்டையின் முன் திகைத்து நின்றேன். அந்தோணியம்மாள் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தம் பெயரை எழுதினார். "நீங்க கோத்ததும் என் பேர்ல போகட்டும். ரெண்டு பேரும் ஒரே ஆள்னு வச்சுக்கங்க," என்று சிரித்தார். அட்டை முழுவதும் அவர் பெயரே இருந்தது. பாதிக்கு மேல் என் கை கோத்தவை.

ஓட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்துக்கு நீளமான ஒரே துணி வேண்டும் என்று வந்தது. தொண்ணூறு பதினாறுகள். நாற்பதாவது வரைக்கும் எல்லாவற்றிலும் ஒரே வரிசை. நாற்பத்தொன்றிலிருந்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று வந்த இடம் மட்டும் பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று என்று திரும்பும். தாளில் அப்படி இருந்தது. எனக்கு அது அப்போது தெரியாது.

நாற்பது முடிந்தபோது மணி பன்னிரண்டு. அந்தோணியம்மாள் பன்னிரண்டு மணி ஆனால் எந்த வேலையையும் நிறுத்திவிட்டு, சன்னலோரம் போய் நின்று மூவேளைச் செபம் சொல்வார். எந்த மேற்பார்வையாளரும் அதைத் தடுத்ததில்லை. அன்றும் போனார். கொக்கி என் கையில் இருந்தது. நாற்பது முறை கேட்ட வரிசை எனக்குப் பாடமாக இருந்தது. இவர் வாசிக்காமல் நானே ஒன்றைக் கோத்துக் காட்டினால் என்ன என்று தோன்றியது. கையை நீட்டி இழையை நானே எடுத்து, நானே கோத்தேன். அவர் திரும்பி வந்தபோது முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அட, முடிச்சிட்டீங்களா? தாளைப் பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்."

"சரிபாத்தாச்சா?"

"அதுவும் ஆச்சு."

"இப்படியே போனா என் வேலைக்கு நீங்களே வந்துடுவீங்க போல," என்றார். அட்டையில் நாற்பத்தொன்றாவது கோட்டில் தம் பெயரை எழுதினார். சாப்பிடப் போனோம். அன்று நான் மூன்று ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன், அவ்வளவு பெருமை.

சாப்பிட்டு வந்து அவர் நாற்பத்திரண்டை வாசித்தபோது வரிசை திரும்பியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. இங்கிருந்துதான் மாறுகிறது போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினாறுக்கு நடுவில் பேசக் கூடாது என்ற சட்டம் எனக்கு வசதியாக இருந்தது. பதினாறு முடிந்த பிறகாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்போது அவிழ்த்துக் கோத்திருந்தால் கால் மணி நேர வேலை.

நெய்யத் தொடங்கும் முன் ஒற்றைப்படைச் சட்டங்களையும் இரட்டைப்படைச் சட்டங்களையும் மாற்றி மாற்றித் தூக்கி, கொஞ்சம் வெறும் துணி நெய்து பார்ப்பார்கள். பதினொன்றும் பதின்மூன்றும் ஒற்றைப்படை. அதனால் என் தவறு அதில் தெரியவில்லை. துணியின் முதல் பகுதியிலும் பட்டை பட்டையான சாதாரண வேலை, அதிலும் தெரியவில்லை. பிறகு விசையைத் தட்டி அலை வேலைக்கு மாற்றினார்கள். பதினாறு சட்டமும் தனித்தனியாக எழும்பும் வேலை அது. துணியின் நல்ல முகம் கீழ்ப்பக்கம் இருக்கும்படி நெய்ததால் யார் கண்ணிலும் படாமல் உருளையில் சுற்றிக்கொண்டே போனது. இரண்டு மாதம் நெய்தோம்.

ஓட்டல்காரர்கள் வந்த அன்று மேசைமேல் துணியை விரித்தார்கள். பட்டைப் பகுதி அழகாக இருந்தது. அலை தொடங்கிய இடத்திலிருந்து கடைசி வரைக்கும், ஏறக்குறைய நடுவில், பூச்சி அரித்த மாதிரி ஒரு கோடு ஓடியது. ஒருமுறை பார்த்துவிட்டால் கண் வேறெங்கும் போகாது. வந்தவர்கள் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனார்கள். துணியை வாங்கவில்லை.

முதலில் எல்லோரும் பெட்டியைக் குற்றம் சொன்னார்கள். அதைப் பழுது பார்ப்பவர் வந்து, ஒவ்வொரு சட்டமாகத் தூக்கிக் காட்டி, பெட்டி சரியாக இருக்கிறது என்றார். பிறகு ஓர் ஊசியை வைத்துக்கொண்டு ஓரத்திலிருந்து இழைகளை எண்ணினார். நாற்பத்தொன்று என்றார். மிஸ் சியா அட்டையைக் கழற்றினார்.

"ஆன்டி, நாற்பத்தொன்று உங்க பேரா?"

அந்தோணியம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அட்டையைப் பார்த்தார். "என் கையெழுத்துதான் மிஸ்," என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எது யார் கோத்தது என்று அவருக்கு நினைவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நாற்பத்தொன்று நான் தனியாகக் கோத்த ஒன்று. எனக்கு எப்படி மறக்கும்? நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் வாய் திறந்தால், ஏன் என் பெயர் அட்டையில் இல்லை என்ற கேள்வி வரும். அறுபதை நெருங்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஆளை அதற்குப் பிறகு யார் வைத்துக்கொள்வார்கள்? அன்று எனக்கு இருந்த யோசனை அவ்வளவுதான்.

"ஆன்டி, யூ கான்ட் சீ ஆல்ரெடி லா," என்றார் மிஸ் சியா. கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். கண் போய்விட்டது என்று முடிவாகிவிட்டது. பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். சில வாரங்களில் அந்தோணியம்மாள் தாமாகவே நின்றுகொண்டார். அவர் போன பிறகு அந்தத் தறியில் எண்ணை வாசிக்க வேறொரு பெண் வந்தாள். அட்டை போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். என் வேலை தப்பித்தது.

செய்தி கோயில் வரைக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும். பீடத் துணியின் பூ வேலையை அவரிடமிருந்து வாங்கி வேறொருவரிடம் கொடுத்தீர்கள். பாவம், கண் தெரியாதவரை ஏன் சிரமப்படுத்த வேண்டும் என்ற அன்பினால்தான் கொடுத்தீர்கள். படி இறங்கும்போது ஓடிவந்து கையைப் பிடித்ததும் அன்பினால்தான். குறை சொல்லி இதை எழுதவில்லை. குறை யாருடையது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒருமுறை புக்கிட் பாத்தோக்கிலிருந்து பேருந்து பிடித்து அவரைப் பார்க்கப் பூன் லே போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கதவைத் திறந்ததும், "எனக்குக் கண்ணு தெரியாதாம் அண்ணே. உங்க சட்டையில மூணாவது பட்டன் வேற கலர். அது இங்கேருந்தே எனக்குத் தெரியுது. அண்ணிகிட்ட சொல்லி மாத்துங்க," என்றார். காப்பி கொடுத்தார். அதை முடிக்கும் வரைக்கும் எனக்குத் துணிவு வரவில்லை.

"அந்த நாப்பத்தொண்ணு நான் கோத்ததா இருக்கலாம்மா," என்றேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன். நான்தான் என்று சொல்லவில்லை.

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நான்தானே சொன்னேன். எனக்காக மனசு சங்கடப்பட்டு இதையெல்லாம் சொல்லாதீங்க," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "மிஸ் சியாகிட்ட போய்ச் சொன்னா உங்களையும் அனுப்பிடுவாங்க. அப்புறம் ரெண்டு பேருமா இங்க உக்கார்ந்து டிவி பாக்கறதா?" என்று சிரித்தார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு சுலபமாக எழுந்து வந்துவிட்டேன் என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

நெசவுக்கூடத்தையும் பிறகு மூடிவிட்டார்கள். மிஸ் சியா வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். வேலை போன பிறகுதான் தேக்கா வகுப்பில் சேர்ந்தேன். நானாக வாசித்த முதல் சொல் 'அபாயம்'. ரயில் பாதை கட்டும் இடங்களில் நான்கு மொழிகளில் எழுதி வைத்திருப்பார்களே, அது. அதைப் படித்த அன்று அந்த வேலிக்கு முன்னால் நின்று ஐந்து தடவை வாசித்தேன். இதை அந்தோணியம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. எழுத்து இன்னும் கொஞ்சம் நன்றாக வரட்டும், நாற்பத்தொன்றைப் பற்றி ஒரு கடிதமாகவே எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று தள்ளிப் போட்டேன். கடிதம் வாசிக்க அவரால் முடியாமல் போயிருந்தது எனக்குத் தெரியாது.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ரீட்டாவைப் பார்த்தபோதுதான் அது தெரிந்தது.

"லாஸ்ட் டூ இயர்ஸ் அம்மாக்கு நெஜமாவே கண்ணு தெரியல அங்கிள். டயபெட்டிஸ். ரெண்டு கண்ணும் போயிடுச்சு," என்றாள். "அம்மா அடிக்கடி சொல்லுவாங்க. மிஸ் சியா சொன்னது சரிதான், அந்த நாப்பத்தொண்ணுலேயே ஆரம்பிச்சிருக்கு, எனக்குத்தான் தெரியல, அண்ணனுக்கும் சேத்துக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கப் பாத்தேன்னு."

"அது நான்மா," என்றேன். செபத்துக்கு அவர் எழுந்து போனது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். ரீட்டா கேட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா மேல உங்களுக்கு எவ்வளவு பாசம் அங்கிள். பரவால்ல, விடுங்க. டாக்டரே சொன்னாரு, இது பல வருஷமா மெதுவா வர்ற வியாதின்னு. முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன புத்தகம் போடறோம். நீங்க அம்மாவைப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க."

நான் சொன்னதை அவள் நம்பவில்லை. நீங்களும் நம்பாமல் போகலாம். கண் போன ஒருவருக்கு அன்று கண் இருந்தது என்று, வயதான ஒருவன், எல்லாம் முடிந்த பிறகு எழுதிக் கொடுக்கிறான். அட்டை இல்லை, தறி இல்லை, துணி எங்கே போனது என்று தெரியாது. அந்தோணியம்மாள் இருந்திருந்தால் தாளைப் பின்னாலிருந்து வாசித்து என்னைச் சரிபார்த்திருப்பார். நம்ப வேண்டியவர் அவர் ஒருவர்தான். அவரோ தம் கண்ணைத் தாமே சந்தேகப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவருடையது என்று ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி ரீட்டா அலமாரியைத் திறந்தாள். நான் எதையும் எடுக்கவில்லை. அவருடைய பேரில் கிடக்கும் ஒன்றைத்தான் நான் எடுத்துக்கொள்ள வேண்டும், அது அலமாரியில் இல்லை. நாற்பத்தொன்றாவது பதினாறைக் கோத்தவன் நான். தாளைப் பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னவன் நான். அது இனி என்னிடம் இருக்கும். அன்றைக்கு அந்தோணியம்மாளுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது.